துண்டெல்லாம் சேர்ந்தால் முழு ஊசி

"நேத்து நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்குது."

காலையில் வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு இதுதான். சாப்பிட்டியா, தூங்கினியா எதுவும் கிடையாது. ஆலங்காயத்தில் நாங்கள் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் அவள் ஏறுவாள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் தான் சொன்னதைத் தானே பிரித்துப் போட ஆரம்பிப்பாள். நாங்கள் அதைச் சாயங்காலமே மறந்திருப்போம். மறந்துபோன விஷயத்தில் தப்பு வேறு இருந்தது என்று ஒருத்தி வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எங்களுக்கு வேலை. நான் தையல் லைனில் மெஷின் ஓட்டுகிறவள். அவள் எங்கள் லைனுக்கு ஊசி கொடுக்கிறவள், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்திருந்தாள். படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் ஒட்டும் உறவும் இல்லாதவர்கள் எங்கள் லைனில் நிறைய. பி.காம். படித்தவள் பசை தடவுவாள், டீச்சர் டிரெயினிங் முடித்தவள் லேஸ் கோப்பாள். அவர்கள் எல்லாரும் படித்ததைச் சர்டிபிகேட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இவள் மட்டும் பூட்டவில்லை.

உலகத்தில் இருக்கிறதெல்லாம் எதனால் ஆனது, எந்த விசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை எங்கள் வேனில் உள்ள அத்தனை பேருக்கும் புரிய வைத்தே தீர்வது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். யாரும் அவளைக் கேட்கவில்லை. பரீட்சையும் இல்லை. "உனக்கு ஏம்மா இந்த வேண்டாத வேலை?" என்று நானே ஒரு தடவை கேட்டேன்.

"நம்ம எதால ஆயிருக்கிறோம்னு கண்டுபிடிச்சிட்டாங்க அக்கா. கண்டுபிடிச்சு எத்தினியோ வருஷம் ஆவுது. நமக்கு இன்னும் யாரும் வந்து சொல்லல. அதான் நான் சொல்றேன்" என்றாள்.

அவள் சொன்ன விதத்தில் சேதி வந்து சேராத வீட்டுக்குத் தகவல் சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் பசை தடவுகிற கோமதிக்குத்தான் அவளைக் கண்டால் ஆகாது. ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பிச்சிட்டா பேஜாரு" என்பாள். டிரைவர் பாய் மட்டும் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். கேட்டுவிட்டு வம்புக்கு இழுப்பார்.

"அப் குவார்க், டவுன் குவார்க், எலக்ட்ரான். இந்த மூணு இருந்தா போதும் பாய். பிரியாணியும் செய்யலாம், அத்த துன்ற ஆளையும் செய்யலாம்" என்றாள் ஒருநாள்.

"மசாலாவுக்குத் தனியா ஒண்ணும் வேணாமா?"

"வேணாம். மசாலாவும் அதே மூணுதான். எத்தினி, எப்பிடி அடுக்கியிருக்குதுன்றதுதான் வித்தியாசம்."

"பிரியாணி மாஸ்டர் ஒத்துக்க மாட்டான்மா" என்றார் பாய். வேனே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. அன்றைக்கு வாணியம்பாடி தாண்டும்வரை அணு, அதன் நடுவில் கரு, கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான், அவற்றுக்குள் மூன்று மூன்றாகக் குவார்க் என்று வெங்காயம் உரிப்பதுபோல் உரித்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போல, "நேத்து நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்குது. வெங்காயத்தை உரிச்சா கடைசில ஒண்ணும் இல்ல. இதுல கடைசில இருக்குது" என்றாள்.

அவளுடைய குணமே அதுதான். எதையும் நம் கைக்குப் பழக்கமான பொருளை வைத்துத்தான் சொல்வாள். சொன்ன உவமை எந்த இடம்வரை பொருந்துகிறது, எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்பதையும் சொல்லி முடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பாதியில் விட்டால் பொய் சொன்ன மாதிரி என்பாள்.

எலக்ட்ரானுக்கு அதைவிட எடை கூடிய அண்ணன்கள் இரண்டு பேர் உண்டாம். ஒரே மாடல் ஷூ, மூன்று சைஸ் என்று சொன்னாள். எங்களுக்கு உடனே பிடிபட்டது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். மறுநாள் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டாள். "பத்தாம் நம்பர் ஷூ தானா உடைஞ்சு அஞ்சாம் நம்பர் ஷூவா மாறுமா? மாறாது. ஆனா அந்தப் பெரிய சைஸ் மாறும். கண் மூடித் தெறக்கறதுக்குள்ள சின்னதா ஆயிடும். அதனாலதான் நம்மள சுத்தி சின்ன சைஸ் மட்டும் இருக்குது."

விசைகளுக்கு அவள் கையிலேயே சாமான் இருந்தது. ஊசி பொறுக்குகிற காந்தம். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேஜைமேல் ஒரு ஊசியைப் போட்டு, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஊசி துள்ளி ஒட்டிக்கொண்டது.

"ஊசிய கீழ இழுக்கறது யாரு?"

"பூமி" என்றேன்.

"முழு பூமியும், மலை, ஏரி எல்லாம் சேர்ந்து இழுக்குது. மேல இழுக்கறது இத்தினியூண்டு காந்தம். யாரு ஜெயிச்சது?"

கோமதி சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப பூமிக்கு ஒண்ணும் தெம்பு இல்லன்ற" என்றாள்.

"கம்மிதான். ஆனா காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் இழுக்கறது உண்டு, தள்றதும் உண்டு. ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கினு சரியாயிடும். பூமி இழுக்க மட்டுந்தான் செய்யும். யாராலயும் அத்த சரிக்கட்ட முடியாது. அதனாலதான் கடைசில அதுதான் பெருசாத் தெரியுது."

கோமதி தட்டிலிருந்த கரண்டியை எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தாள். வேண்டுமென்றுதான் போட்டாள், நான் பார்த்தேன்.

குவார்க்குகளைச் சேர்த்து வைக்கிற வன்விசைக்கு முதலில் எங்கள் பசையைச் சொன்னாள். மறுநாள் பசையை வாபஸ் வாங்கிக்கொண்டு, ஷூ பக்கவாட்டில் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக் துண்டைக் காட்டினாள். பசை, தள்ளிப் போனால் விட்டுவிடும். இது தள்ளிப் போகப் போக விடாதாம். "சரி, ரொம்ப இழுத்தா அறுந்துடுமே?" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். எலாஸ்டிக்கைக் கத்தரியால் வெட்டி இரண்டு துண்டையும் என் கையில் கொடுத்தாள். "ஒரே ஒரு முனை மட்டும் இருக்கிற எலாஸ்டிக்க எனக்குக் காட்டுங்க அக்கா. வெட்டுனா புதுசா ரெண்டு முனை வந்துடுது இல்ல? குவார்க்கும் அப்பிடித்தான். தனியா ஒண்ண பிச்சு எடுக்கவே முடியாது. பிக்கிற வேகத்துலயே ஜோடி பொறந்துடும்." எலாஸ்டிக்கிலும் தப்பு ஒன்று கண்டுபிடித்து மறுநாள் சொன்னாள். அது எனக்கு மறந்துவிட்டது. எனக்கு எலாஸ்டிக்கே போதும்.

இப்போது அவள் காவேரிப்பாக்கம் பக்கம் குடிபோய்விட்டதாகக் கேள்வி. நானும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தரையில் மண்டியிட்டுக் காந்தத்தோடு தவழ்கிற கோலம்தான்.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்கு இந்த வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மெஷினில் ஊசி உடைந்தால் நாங்களாக வேறு ஊசி மாட்டிக்கொள்ள முடியாது. கையைத் தூக்க வேண்டும். ஊசி கொடுக்கிறவள் வந்து உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஒரு அட்டையில் வரிசையாக வைத்து டேப் ஒட்டுவாள். துண்டெல்லாம் சேர்ந்தால் முழு ஊசி வர வேண்டும். வந்தால்தான் புது ஊசி. ஏனென்றால் காணாமல் போன முனை ஏதோ ஒரு ஷூவுக்குள் உட்கார்ந்து கப்பலேறி, முகம் தெரியாத ஒருவர் காலில் ஏறிவிடும்.

அன்றைக்கு ஓடியது குழந்தைகள் ஷூ. குதிகால் தடிப்பில் என் ஊசி உடைந்தது. அவள் வந்தாள். அடித்துண்டு மெஷினிலேயே இருந்தது, நடுத்துண்டு பாபின் பக்கத்தில் கிடைத்தது. முனையைக் காணோம். எள்ளுருண்டையில் ஒரு எள்ளு அளவு இருக்கும். லைனை நிறுத்தினாள். தைத்து வைத்திருந்ததையெல்லாம் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷினில் விட்டு எடுத்தார்கள். எதிலும் இல்லை.

சூப்பர்வைசருக்கு அவசரம். "ஷூவுல இல்லன்னு ஆயிடுச்சு இல்ல? பழைய ஊசி கெடக்குது பாரு, அதுல முனைய ஒடைச்சு ஒட்டிட்டு லைன வுடும்மா."

"முழு ஊசி வரணும் சார்."

"அப்பிடி ஒட்டினா முழுசா வரும் இல்ல?"

"வேற ஊசியோட முனை வரும் சார். இந்த ஊசியோடது எங்க போச்சுன்னு தெரியலயே. எங்கியோ போயிருக்குது. போவாம இருக்காது."

லைனே அவளைத் திட்டியது. நானும் திட்டினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்டியிட்டு மெஷின்களுக்கு அடியில் காந்தத்தை ஓட்டிக்கொண்டே போனாள். பிறகு எழுந்து நின்று, ஊசி உடைந்த பிறகு இந்த வழியாக யார் நடந்தது என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். கோமதி தண்ணீர் குடிக்கப் போய் வந்திருந்தாள்.

"செருப்ப கழட்டுங்க அக்கா."

"இன்னாடி, நான் இன்னா திருடிக்கினு வந்துட்டேனா?"

"செருப்பு திருடியிருக்கலாம். குடுங்க."

கோமதியின் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். ரப்பர் அடியில் முனை குத்திக்கொண்டு இருந்தது. எடுத்துத் துடைத்து அட்டையில் ஒட்டினாள். அளவு சரியாக வந்தது. புது ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள். கோமதி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எனக்கு அன்றுதான் அவள்மேல் மரியாதை வந்தது.

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம் நடக்கும். அதில் பேச அவளை அழைத்தார்கள். அவள்தான் நடையாய் நடந்து கேட்டிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. அந்த வாரம் வேனில் ஏறியவள் முதன்முறையாகத் தப்பு எதுவும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வூட்டுல சண்டையா?" என்றேன்.

அவள் கணவன் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்கிறவன். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போடுகிற பிரிவு, பாதி நாள் நைட் ஷிப்ட். நல்லவன்தான், சத்தம் போட்டுப் பேச மாட்டான். டீக்கடையில் அவளைப் பற்றி நாலு பேர் கேலி பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். "யாருக்கும் புரியாதத யாருக்காக சொல்ற? ரெண்டு பேரும் வூட்டுல இருக்கறது ஞாயித்துக்கெழமை மட்டுந்தான். இதோட வுட்டுடு" என்றானாம்.

"நீ இன்னா சொன்ன?"

"வந்து பாருங்கன்னு சொன்னேன். கூட்டத்துல ஒருத்தருக்காவது புரிஞ்சா தொடர்ந்து பேசுவேன். ஒருத்தருக்கும் புரியலன்னா இனிமே வேன்லகூட வாயத் தெறக்க மாட்டேன். புரிஞ்சுதா இல்லையான்னு அவருதான் சொல்லணும்."

எனக்குத் திக்கென்றது. அவள் வாய் மூடினால் எங்களுக்கு நிம்மதி என்று இத்தனை நாள் பேசியவர்கள் நாங்கள். ஆனால் ஆம்பூர்வரை பேச்சில்லாத வேனை நினைத்தால் பிடிக்கவில்லை. "இது ஒரு விஷயமா? நாங்க எல்லாம் வர்றோம். அருமையா புரிஞ்சுதுன்னு எல்லாரும் தலைய ஆட்டுறோம். முடிஞ்சுது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பழைய ஊசிய ஒடைச்சு ஒட்டச் சொல்றீங்களா அக்கா?"



ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. அதற்கு நானும் பாயும் தெருத்தெருவாகச் சொல்லி வைத்ததும் ஒரு காரணம். கோமதியும் வந்தாள், முகத்தைத் தூக்கிக்கொண்டு. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் கணவன் நின்றான்.

அவள் பேச்சு ஆரம்பத்திலிருந்தே தடுக்கியது. வேனில் அவளுக்கு நாளைக் காலை என்று ஒன்று இருந்தது. தப்பை மறுநாள் திருத்தலாம். இங்கே இருப்பது ஒரே ஒரு மணி நேரம். அதனால் சொன்ன மூச்சிலேயே திருத்தினாள். எலக்ட்ரான் சுற்றுகிறது என்றாள். சுற்றுகிறது என்று சொன்னது சரியில்லை என்றாள். துகள் என்றாள். துகள் என்றால் மணல் மாதிரி நினைக்கக் கூடாது என்றாள். எப்படி நினைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, அதிலும் ஒரு தப்பு இருப்பதைக் கண்டு நின்றாள். கூட்டம் நெளிந்தது. சிலர் செல்போனை எடுத்தார்கள். சுவரோரம் நின்றவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணுக்கே தெரியாத நியூட்ரினோ என்ற துகளுக்கு வந்தபோது, முன் வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மரியாதையாகக் கையைத் தூக்கினார். "தப்பா நெனச்சிக்காதம்மா. கண்ணுக்குத் தெரியாது, கைக்குச் சிக்காது, எதுலயும் மோதாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் அது இருக்குதுன்னு எப்பிடிம்மா நம்பறது?"

நியாயமான கேள்வி. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"என் செருப்ப கழட்டச் சொன்ன இல்ல, அத்த சொல்லேன்."

கோமதிதான். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எரிச்சலோடு சொன்னாள். "ஷூவுல இல்ல, மெஷின்ல இல்ல, தரையில இல்ல. ஆனாலும் எங்கியோ போயிருக்குதுன்னு நின்ன இல்ல? இதுவும் அதுதானே? இத்த சொல்றதுக்கு ஏன் இப்பிடி முழிக்கிற?"

அவள் கோமதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேஜைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். அந்தக் கூட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். உடைந்த ஊசி என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

"ஒரு நியூட்ரான் உடையுதுன்னு வச்சுக்குங்க. ஒடச்சு வுடறது மென்விசைன்னு ஒரு விசை. உடைஞ்சா ஒரு புரோட்டான் கெடைக்குது, ஒரு எலக்ட்ரான் கெடைக்குது. ரெண்டையும் அட்டையில வச்சு ஒட்டிப் பாத்தாங்க. முழு ஊசி வரல. சக்தி கொறையுது. எத்தினி தடவ பாத்தாலும் கொறையுது. இந்த மாதிரி சின்ன எடத்துல கணக்கு ஒட்டாமகூட இருக்கலாம், வுட்டுடலாம்னு பெரிய ஆளுங்களே சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல. கணக்கு தப்பாது, துண்டு ஒண்ணு வெளிய போயிருக்குது, நம்ம கண்ணுல படலன்னு சொன்னார். பல வருஷம் தேடுனாங்க. பெரிய தொட்டியில தண்ணி நெரப்பி வச்சு, அதுல ஒண்ணாவது மாட்டுமான்னு காத்துக்கினு இருந்தாங்க. கடைசில மாட்டுச்சு."

"செருப்பு கெடைச்சுதுன்னு சொல்லு" என்றாள் கோமதி.

கூடம் சிரித்தது. தபால்காரர் மெல்லத் தலையை ஆட்டினார். அது மரியாதைக்கு ஆட்டிய தலையில்லை. அவள் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள்.

"ஆனா இதுலயும் தப்பு இருக்குது" என்றாள். இந்தத் தடவை யாரும் நெளியவில்லை. "ஊசி முனை மொதல்லேர்ந்தே ஊசியில இருந்துச்சு. நியூட்ரினோ அப்பிடி இல்ல, உடையற நேரத்துலதான் பொறக்குது. அப்புறம் ஊசி முனை செருப்புல மாட்டிக்கிச்சு. இது எதுலயும் சுலபத்துல மாட்டாது. செவுரு, மலை, நம்ம ஒடம்பு, எல்லாத்துக்குள்ளயும் பூந்து போயிட்டே இருக்கும். இப்பகூட சூரியன்லேர்ந்து வந்து நம்மளுக்குள்ள போயிட்டிருக்குது."

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது அவள் கணவன் கூடத்தில் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் போய் நின்றாள். நானும் கோமதியும் போகிறவர்கள்போல் போகாமல் நின்றோம். தீர்ப்பு அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அவன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினான். திரும்பக் கழற்றினான்.

"நைட்டுல இருக்காது இல்ல? சூரியன்தான் இல்லியே."

அவள் நிமிர்ந்தாள். "இருக்கும். சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இல்ல, அங்கேர்ந்து பூமிக்குள்ள பூந்து வந்துடும்."

"நான் தொட்டிகிட்ட நின்னுக்கினு இருக்கும்போதுமா?"

"அப்பவுந்தான். கீழேர்ந்து வரும். உங்க காலு வழியா ஏறித் தலை வழியாப் போவும்."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். சுண்ணாம்பு அரித்த கால். அதில் இப்படி ஒன்று நடக்கும் என்று அவனுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. நான் கோமதியைப் பார்த்தேன். அவளும் தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறு" என்றான் அவன்.

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்தாள். வண்டி உறுமி நகர்ந்தபோது அவள் குரல் கேட்டது.

"நான் இப்ப சொன்னதுல ஒரு தப்பு இருக்குது. காலு வழியா நேரா ஏறுறது நடு ராத்திரிக்குத்தான். பத்து மணிக்கெல்லாம் சாய்வாத்தான் வரும்..."

வளைவு திரும்பும்வரை அவள் பேசிக்கொண்டே போனாள். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.